இறக்குகூலி

இந்த ஊரில் பாறை கிடையாது.
நீடாமங்கலத்திலிருந்து நாலு திசையும் சைக்கிளில் போய்ப் பார்த்தாயிற்று.
உயரம் என்று இருப்பவை
ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டு செல்போன் கோபுரம்,
அப்புறம் கொள்முதல் நிலையத்தில் நாங்கள் அடுக்கும் மூட்டைகள்.
மலை இங்கேயும் வரும்தான்,
பொடியாகி வரும்.
மேட்டூரை மூடிய பிறகு
வெண்ணாற்றில் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடக்கலாம்.

அதனால் குழாய்.
பம்ப்செட் கொட்டகைச் சுவருக்கும் புளியமரத்துக்கும் நடுவே
ஒன்றரை அங்குல இரும்புக் குழாய்.
ஆடியில் ஒரு புல்-அப்.
தீபாவளிக்குள் ஏழு.
கார்த்திகை மழையில் குழாயைத் துடைத்துத் துடைத்துப் பதினொன்று.
மேலே போவதை மட்டும்தான் எண்ணினேன்.
தாடை குழாயைத் தொட்டதும்
பழுத்த புளி மாதிரி பொத்தென்று கீழே.
மாசியில் பாதாமிக்கு டிக்கெட்,
நிஜப் பாறை, சிவப்புப் பாறை,
படுக்கும்போது விரல்கள் போர்வை விளிம்பைப் பிடித்துப் பழகின.

தை மூன்றாம் நாள்
டீ டம்ளர் கனத்தது.
வலது முழங்கையின் உட்பக்கம், அந்த எலும்பு முட்டுக்குக் கீழே,
யாரோ ஆணியை வைத்துவிட்டு அடிக்காமல் போனதுபோல்.
கார்பன் வைத்து ரசீது எழுதினால்
மூன்றாவது பிரதி வெள்ளையாக வந்தது.
"மேடம், என் நெல்லு எங்க?" என்றார் ஒருவர்,
தாளைத் தூக்கி வெயிலில் பிடித்து.

மன்னார்குடியில் பிசியோ பர்ஹானா அமுக்கிப் பார்த்தாள்.
"கோல்ஃபர்ஸ் எல்போ."
நான் சிரித்தேன். எங்கள் பக்கம் குழிகள் உண்டு,
எல்லாம் எலி தோண்டியது.
அவள் சிரிக்கவில்லை.
"சதை சீக்கிரம் வளரும். தசைநாண் மெதுவா.
உங்க சதை முன்னாடி ஓடிடுச்சு."

தினமும் நாற்பது பேரிடம் சொல்கிறவள் நான்:
ஈரம் பதினெட்டு காட்டுது,
காய வெச்சு எடுத்துட்டு வாங்க.
கெஞ்சுவார்கள், மேகத்தைக் காட்டுவார்கள்.
என் கையை மட்டும்
ஈரத்தோடு மூட்டை பிடித்திருக்கிறேன்.

இப்போது மதிய இடைவேளையில்
மாதிரி நெல் வாளிக்குள் மணிக்கட்டு வரை கையை விடுகிறேன்.
மூடு, விரி. மூடு, விரி.
சுனை அரிக்கிறது.
பிறகு சுத்தியல்.
முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை மேலே பார்க்க,
மணிக்கட்டை மடக்கி ஏற்ற இடது கை உதவலாம்,
இறக்கும்போது வலது தனியாக,
ஐந்து எண்ணி.
ஏற்றுவது ஒரு நொடி வேலை.
இறக்குவதில்தான் நெற்றி வேர்க்கிறது.

வைரக்கண்ணு நின்று பார்த்தார்.
காலையிலிருந்து இருநூறு மூட்டை ஏற்றிய தோள்.
"என்னம்மா இது, தூக்குறத விட்டுட்டு
இறக்கிக்கிட்டே இருக்க?"
சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையாட்டினார்.
"அதான். லோடு ஏத்தினதுக்குக் கூலி குடுத்த,
இறக்குகூலி குடுக்கல.
கை பாக்கி வசூல் பண்ணுது."

பாதாமி டிக்கெட்டை ரத்து செய்தேன்.
பிடித்தம் போக முந்நூற்றுப் பத்து வந்தது.

ஒரு வாரம் கழித்து
அவரே சட்டைக் கையை மேலே சுருட்டினார்.
பழைய வேட்டிக் கிழிசலை முழங்கையில் இறுக்கிக் கட்டியிருந்தார்.
"எனக்கு வெளிப்பக்கம். பன்னெண்டு வருசமா."
பன்னிரண்டு வருஷத்தில் யாரும் அமுக்கிப் பார்க்கவில்லை,
அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்றுகூட.
பர்ஹானாவின் நம்பரை ரசீதின் பின்னால் எழுதினேன்,
மூன்று பிரதியிலும் விழுந்தது.
அரை நாள் கூலி போகுமே என்றார்.
ஞாயிற்றுக்கிழமை போய்வந்தார்.

இப்போது எடைமேடைக்குப் பக்கத்தில்
இருவரும் மூட்டைமேல் முன்கையை வைத்து.
என்னுடையது மேலே பார்த்த உள்ளங்கை, அவருடையது கீழே பார்த்தது.
அவருக்குச் சுத்தியல், எனக்கு
வெண்ணாற்று மணல் நிரப்பிய தண்ணீர் பாட்டில்.
மூன்று என்கிறேன்.
நாலு என்கிறார்.
வாசலில் லாரி ஹாரன் அடிக்கிறது.
அடிக்கட்டும்,
இன்னும் ஒன்று இருக்கிறது.